சாக்கடை சொன்ன கணக்கு

தராசுப்பேட்டை யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல வந்த பெட்டியை, ஊரின் பெரிய சாக்கடை ஆற்றில் விழுகிற வாயில் பதித்த அன்று, அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் யாரும் முன்வரவில்லை. மூக்கைப் பொத்திய கை வேறு எதற்கும் உதவாது.

மாநிலத்தை இரண்டாக வெட்டப்போகிறார்கள். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைகிற பக்கம் நஞ்சை மாநிலம். மழையை நம்பிக் கம்பும் மிளகாயும் விளைகிற பக்கம் புஞ்சை மாநிலம். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் விற்று வயிறு வளர்த்த தராசுப்பேட்டை மாதிரி ஊர்களில்தான் சிக்கல். இங்கே நெல் மண்டிக்கு எதிரிலேயே மிளகாய் மண்டி. நெல்லுக்காரன் மகளை மிளகாய்க்காரன் கட்டியிருப்பான். முதலில் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். காலையில் புஞ்சை என்று சொன்ன வீடு, சாயங்காலம் வேறொருவர் போய்க் கேட்டதும் நஞ்சை என்றது. கேட்க வந்தவர் மனம் கோணாமல் பதில் சொல்வதுதானே வியாபாரம்.

கடைசியில் எல்லை ஆணையம் சலித்துப்போய், வாயை விட்டுவிட்டு வயிற்றைக் கேட்பது என்று முடிவு செய்தது.

அந்தப் பெட்டியோடு வந்த ஆய்வாளர் இன்பசேகரன் சின்ன வயதுக்காரர். நல்ல சாப்பாட்டுப் பிரியர். பெட்டி பதித்த மத்தியானம் மண்டித் தெரு வல்லி மெஸ்ஸில் உட்கார்ந்து, பக்கத்து இலையில் இருந்த மிளகாய்த் தரகர் திரவியத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். திரவியம் புஞ்சைப் பேரவையின் ஊர்ப் பிரதிநிதி. மெஸ் நடத்துகிற செண்பகவல்லி அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவி. கீழே மெஸ், மாடியில் வீடு. திரவியம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வேளையும் மதினி கையால்தான் சாப்பாடு.

"மனுஷன் குடலுக்குள்ள கோடிக்கணக்கான கிருமி குடியிருக்கு, அண்ணாச்சி. நெல்லுச்சோறு தின்னு வளர்ந்த வயித்துல ஒரு கூட்டம். கம்பு, கேப்பை தின்னு வளர்ந்த வயித்துல வேற கூட்டம். தினமும் அது வெளியே வருது. பெட்டி அதை எண்ணி, இத்தனை நஞ்சை வயிறு, இத்தனை புஞ்சை வயிறுன்னு சொல்லிரும். வாய் பொய் சொல்லும், வயிறு சொல்லாது."

"சாப்பிடுத நேரத்துல இதைத்தான் பேசணுமா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே செண்பகவல்லி ரசம் ஊற்றினாள். "சரி, சாப்பாடு மாறினா வயிறும் மாறிராதா?"

"மாறும்மா. லேசுல மாறாது. வருஷக்கணக்கா விடாம மாத்தித் தின்னணும். அப்படி யாரு திங்கப்போறா?"

செண்பகவல்லி சிரித்துவிட்டு மோர் எடுக்கப் போனாள்.

இன்பசேகரன் கை கழுவிவிட்டுப் போன பிறகு, அவள் திரவியத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் பிறந்தது நஞ்சைப் பக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். தீர்ப்பு வந்ததும் தோற்ற பக்கத்து ஆட்கள் ஊரைக் காலி செய்து அவரவர் மாநிலத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதற்கு மக்கள் பரிமாற்றம் என்று பெயர். பண்டமாற்று என்றால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படிப் பெயர் வைத்திருக்க வேண்டும்.

"கொழுந்தனாரே, இந்த வீட்ல ஒண்ணு கம்பு, ஒண்ணு நெல்லு. ஊரு எந்தப் பக்கம் போனாலும் ஒருத்தர் மூட்டையைக் கட்டணும். யாருன்னு தரகு பேசிட்டீங்களா?"

"யாரும் போகவேண்டாம் மதினி. ஜெயிச்ச பக்கத்து ஆளு, தன்னைச் சார்ந்த ஒருத்தரை வீட்ல வெச்சுக்கிடலாம்னு சட்டத்துல ஓட்டை வெச்சிருக்கான். ஊரைப் புஞ்சைக்கு வாங்கிட்டேன்னா, உங்களை என்னைச் சார்ந்தவர்னு எழுதிருவேன்."

"நான் உங்களைச் சார்ந்தவளா? மூணு வேளையும் யாரு முன்னால யாரு இலை போட்டு உக்காருதா?"

"சட்டம் இலையைப் பாக்காது மதினி."

"அப்போ சட்டம் எழுதினவன் வீட்லயும் அப்படித்தான் போல" என்றாள் செண்பகவல்லி. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாக்கியம் சத்தமில்லாமல் சிரித்தாள். பாக்கியத்தின் புருஷன் சங்கிலி, திரவியத்தின் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். இருவரும் கரிசல் காட்டில் பிறந்தவர்கள். நாலு தலைமுறையாகப் புஞ்சை.

முதல் வாரத்துச் சோதனைக் கணக்கு வந்தது. நாலு வயிற்றில் மூன்று நஞ்சை என்றது பெட்டி.

திரவியம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக நெல் மண்டிக்குப் போனார். அங்கே தண்டபாணி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நெல் தரகர், நஞ்சைச் சங்கத்தின் ஊர்ப் பிரதிநிதி. இருவருக்கும் ஒரே வயது. ஒரே சந்தையில் தொழில் பழகியவர்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றியே சிநேகிதர் ஆனவர்கள்.

"எத்தனை லாரிவே கொட்டினீரு?"

"என்ன லாரி?"

"கக்கூஸ் லாரி. இந்த ஊர்ல நாலுல மூணு பேரு நஞ்சைக்காரன்னா எந்த மடையன் நம்புவான்? உம்ம ஊருப் பக்கமிருந்து செப்டிக் டேங்கை உறிஞ்சிக் கொண்டாந்து நம்ம சாக்கடையில ஊத்தியிருக்கீரு."

தண்டபாணி வாயைப் பிளந்தார். பிறகு மெதுவாக மூடினார். "என் தராசு மேல சத்தியம், நான் ஒரு சொட்டு ஊத்தல. எனக்கே அந்தக் கணக்கு ஆச்சரியம்தான். ஆனா ஓய், நல்ல யோசனையா இருக்கே இது."

வியாபாரி தராசு மேல் சத்தியம் செய்தால் நம்பக் கூடாது என்பது இன்னொரு வியாபாரிக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. திரவியம் நம்பவில்லை. மறுநாளே அவர் புஞ்சைப் பேரவைக்குத் தகவல் அனுப்பினார். அதற்கடுத்த நாள் முதல் லாரி வந்தது.

பட்டப்பகலில்தான் வந்தது. ராத்திரியில் வருவதெல்லாம் திருட்டு மணல். இது மண்ணின் உரிமை. கரிசல் கிராமங்களின் கக்கூஸ் தொட்டிகளிலிருந்து உறிஞ்சிய லாரிகள், நெற்றியில் பேரவைக் கொடி கட்டி, வேப்பிலைத் தோரணத்தோடு, மூடி திறந்த ஆள்நுழைவுக் குழிகளின் அருகே வரிசையாக நின்றன. டிரைவர்களுக்குப் பேரவைத் தொண்டர்கள் பன்னீர் சோடா கொடுத்தார்கள். குழாயைக் குழிக்குள் விட்டதும் யாரோ ஒருவர் உணர்ச்சி மிகுந்து கோஷம் போட்டார். நாற்றத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தண்டபாணி சும்மா இருப்பாரா? நெல் ஊர்களிலிருந்து அவர் லாரிகள் வந்தன. மூன்றாவது வாரத்துக்குள் ஊரில் வேறு சரக்கு எதுவும் ஓடவில்லை. மிளகாய் ஏற்ற லாரி கேட்டால், "அதைவிட இதுக்கு வாடகை அதிகம் அண்ணாச்சி" என்றார்கள். எந்தத் தாலுகா சரக்கு கெட்டி, எது தண்ணீர் கலந்தது என்று தரம் பிரித்துச் சொல்லக்கூட ஆட்கள் முளைத்தார்கள். பெட்டியின் கணக்கு ஏறிக்கொண்டே போனது. ரேஷன் கணக்குப்படி அறுபதாயிரம் பேர் இருக்கிற ஊரில், லட்சம் வயிறு, லட்சத்து இருபதாயிரம் வயிறு என்றது.

"இது எங்க போயி நிக்கும்?" என்று ஒருநாள் டீக்கடையில் தண்டபாணி கேட்டார்.

"எங்கேயும் நிக்காது. பேசி இறக்கணும்" என்றார் திரவியம். தன் துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டுத் தண்டபாணியின் பக்கம் நீட்டினார். தண்டபாணி துண்டுக்குள் கையை விட்டார்.

மாட்டுச் சந்தையிலும் மிளகாய்ச் சந்தையிலும் அப்படித்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார். ஒரு விரல், இரண்டு விரல், பாதி விரல். முகம் மட்டும் சாதுவாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்தால் கையை அழுத்துவார்கள். முடியாவிட்டால் உருவிக்கொள்வார்கள். அன்று இரண்டு தரகர்களும் டீயை ஆறவிட்டு, துண்டுக்குள் ஒரு ஊரையே பிரித்துக்கொண்டார்கள். ஊர் புஞ்சைக்கு. ஆற்று மதகும் நெல் அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளும் நஞ்சைக்கு. இரண்டு பேரும் ஆணையத்தின் முன்னால் இரட்டிப்புக் கணக்குச் சொல்வது. ஆணையம் "குறைச்சுச் சொல்லுங்க" என்று கேட்கும். இரண்டு பேரும் முனகிக்கொண்டே பாதியாகக் குறைப்பது. கடைசியில் துண்டுக்குள் பேசியது வெளியே வரும். யாரும் தோற்ற மாதிரி இருக்காது.

"பரிமாற்றமும் பாதிக்குப் பாதியாக் குறைஞ்சிரும்" என்றார் தண்டபாணி. "நெஜமான நஞ்சைக்காரன் ஒரு பத்துப் பன்னிரண்டாயிரம் பேரு. அவன்ல பாதிப்பேரு என் பக்கம் வந்தா போதும்."

கை அழுத்தி முடித்தார்கள்.

ஆனால் லாரி நிற்கவில்லை. முதலில் சொல்கிற விலை உச்சத்தில் இருந்தால்தான் பாதியும் பலமாக இருக்கும். ஆகவே இன்னும் கொட்டினார்கள். சாக்கடை தாங்காமல் கீழத்தெருவில் பொங்கி வழிந்தது. குடிதண்ணீர்க் குழாயில் கலந்தது. வல்லி மெஸ்ஸில் ஈக்கு இலை போட வேண்டியிருந்தது. கீழத்தெருவில் வாந்திபேதி கிளம்பியது.

இன்பசேகரன்தான் முதலில் கவனித்தார். "அண்ணாச்சி, ஒரு விஷயம். பேதி போற ஆளைப் பெட்டி நாலு ஆளா எண்ணுது. இதைக் கழிக்க எங்கிட்ட வழி இல்ல."

"கழிக்காதீங்க" என்றார் திரவியம். நஞ்சைச் சங்கத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

மருந்து வண்டிகள் இரண்டு மாநிலத்திலிருந்தும் கிளம்பி, இரண்டும் ஊருக்குள் வராமல் ஆளுக்கொரு எல்லையிலேயே நின்றன. கீழத்தெருவில் இருப்பது நம் வயிறா அவர்கள் வயிறா என்று தெரியாமல் மருந்து கொடுத்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் விரும்பவில்லை. பேரவைச் செயலாளர் போனில், "ரெண்டு நாள் போகட்டும் அண்ணாச்சி" என்றார். திரவியம் சரி என்றார்.

அந்த இடைவெளியில் கீழத்தெருவில் ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஒருவன் சங்கிலி.

செண்பகவல்லி மெஸ்ஸை மூடிவிட்டு எழவு வீட்டுக்குப் போய்வந்தாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள், அடுப்பைப் பற்றவைத்தபடி கேட்டாள். "மருந்து வண்டி ஏன் வரல?"

"வழியில நிக்குதாம்."

"யாரு நிறுத்தினா?"

"ரெண்டு பக்கமும்தான் மதினி."

"அதுல நீங்க எந்தப் பக்கம் நின்னு நிறுத்தினீங்க?"

திரவியம் தோள் துண்டை எடுத்து மடித்தார். "ஊரு கைவிட்டுப் போனா இந்த வீடும் போகும். உங்களுக்காகவும்தானே இவ்வளவும் பண்ணுதேன்."

"கொழுந்தனாரே, நீங்க எதை வேணும்னாலும் அந்தச் சாக்கடையில கொட்டுங்க. என் பேரைக் கொட்டாதீங்க." அவள் உலையில் அரிசி போட்டாள். அவருக்கு இலை போட்டாள். சோறும் வைத்தாள். அன்றைக்கு மட்டும் எதிரில் உட்கார்ந்து பேசவில்லை.

விசாரணை நாள் வந்தது. ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மேஜையில் மூக்குக்கு எதிராக ஊதுபத்தி வைத்திருந்தார்கள். திரவியம் எழுந்து, தராசுப்பேட்டையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் புஞ்சை வயிறுகள் இருப்பதாகப் பெட்டி சொல்வதைச் சமர்ப்பித்தார். தண்டபாணி எழுந்து, தொண்ணூறாயிரம் நஞ்சை வயிறுகள் என்றார். இரண்டு பேரும் முகத்தில் கொஞ்சம் ரோஷத்தை வரவழைத்துக்கொண்டு, குறைக்கச் சொல்லும் வார்த்தைக்காகக் காத்து நின்றார்கள்.

தலைவர் இன்பசேகரனைப் பார்த்தார். "கருவியில பழுது உண்டா?"

"இல்லைங்க ஐயா. உள்ள வந்ததை எண்ணியிருக்கு."

"சரி" என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். "இரு தரப்புக் கணக்கும் முழுமையாக ஏற்கப்படுகிறது. ஊர் புஞ்சைக்கு. மதகும் கிட்டங்கியும் ஊரோடு சேர்த்தி. நஞ்சை தன்னுடையவர் என்று உரிமை கோரிய தொண்ணூறாயிரம் பேரையும் ஏற்றுக்கொள்ளும். அடுத்த ஊர்."

சந்தையில் பிறந்தவனுக்குச் சொன்ன விலைக்கே மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போகிறவனைக் கண்டால்தான் பயம். பேரம் பேசுகிறவனுக்குச் சரக்கின் அருமை தெரியும், தன் கையிருப்பும் தெரியும். பேசாமல் எடுக்கிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லையென்றால் கொடுக்கப்போவது அவன் பணமாக இருக்காது.

வெளியே வந்ததும் தண்டபாணி திரவியத்தின் துண்டைப் பிடித்து நிறுத்தினார். "ஓய் திரவியம். சொன்ன விலைக்கே எடுத்துட்டானே."

"ஒரு தலை குறைக்கச் சொல்லலியே."

"மதகும் போச்சு. தொண்ணூறாயிரம் ஆளுக்கு நான் எங்க போவேன்? ஊரே அறுபதாயிரம்தானே?"

"உள்ள போயி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டோம்னு சொல்லுவோமா?"

"சொல்லும். உம்ம லட்சத்து நாப்பதாயிரமும் பொய்னு ஆகும். ஊரு போகும். போறீரா?"

திரவியம் போகவில்லை. மற்ற ஊர்ப் பிரதிநிதிகள் உள்ளே வரிசையில் நின்றார்கள். எல்லோர் உடம்பிலும் அதே வாடை அடித்தது.

நஞ்சை அரசாங்கத்துக்குத் தொண்ணூறாயிரம் என்பதில் வருத்தமே இல்லை. ஆற்றுத் தண்ணீர்ப் பங்கு தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். தலை எண்ணிக்கை கூடினால் தண்ணீர் கூடும். அவர்களுக்குத் தலை வேண்டும். புஞ்சைக்குத் தன் கணக்கு பொய்யாகாமல் இருக்க, அந்தத் தலைகளை அனுப்பியே ஆக வேண்டும். வாங்குகிறவனும் விற்கிறவனும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததைத் தராசுப்பேட்டைச் சந்தை அதுவரை கண்டதில்லை. சரக்கு மட்டும்தான் வாயைத் திறந்து அழுதது.

ஆள் பிடிக்க ஆளுக்கொரு சோதனை வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஆளுக்கொரு டப்பா. முதல் நாள் ஊரே மஞ்சப்பையில் டப்பாவை மறைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிற முகத்தோடு வரிசையில் நின்றது. இரண்டாம் நாளே சுத்தமான புஞ்சை டப்பா விலைக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் அதிகாரிகள் விழித்துக்கொண்டு, தங்கள் கண் முன்னாலேயே, நடுவில் ஒரு கிழிந்த தார்ப்பாயை மட்டும் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னார்கள். புதுப் பெண்டாட்டிகளும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பிரதிநிதி முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று பேரவை சொன்னதால் திரவியமும் கேமராவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுந்தார். எழுந்ததும் மைக்கில், "இது கம்பு தின்ன உடம்பு" என்று பேசினார். கை தட்டினார்கள்.

முடிவோடு பரிமாற்ற அதிகாரி மெஸ்ஸுக்கு வந்தபோது, திரவியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி புஞ்சை அரசாங்கத்தின் ஆள், வடக்கத்திப் பயிற்சி, சிரிக்கத் தெரியாதவர். கூடவே இன்பசேகரன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"இந்த வீட்டில் மாற வேண்டியவர் ஒருவர்" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்" என்றார் திரவியம், இலையிலிருந்து கையை எடுக்காமல். "மதினி நஞ்சைப் பிறப்பு. ஆனா என்னைச் சார்ந்தவங்க. மனு எழுதி வெச்சிருக்கேன்."

"அந்த அம்மா புஞ்சை. நீங்கள்தான் நஞ்சை."

திரவியம் சிரித்தார். "சார், டப்பா மாறியிருக்கும்."

"மாறலை அண்ணாச்சி" என்றார் இன்பசேகரன். "நானே ரெண்டு தடவை பார்த்தேன். உங்க வயித்துல கம்புக் கிருமி பேருக்குக்கூட இல்ல. சுத்தமான நெல்லு. அம்மா வயிறு நேர்மாறு. மலையடிவாரத்துக் கிராமத்துலகூட இப்படிக் கம்பு வயித்தைப் பார்த்ததில்ல." அவர் செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார். "நீங்க நஞ்சையில பொறந்தவங்கன்னு சொன்னீங்களேம்மா?"

"பொறந்தது அங்கதான் தம்பி. இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு. சோறு வடிச்சா முதல்ல கடைக்கு. அடுத்து வீட்டு ஆம்பளைக்கு. மிஞ்சின சோத்தைப் பாக்கியம் புள்ளைகளுக்குக் கொண்டுபோவா. நான் ஒரு பானை கம்மங்கூழைக் கரைச்சு வெச்சுக்கிட்டு ரெண்டு வேளையும் அதைத்தான் குடிப்பேன். ருசிக்கா குடிச்சேன்? மிஞ்சாது, அதனால குடிச்சேன். அப்புறம் பழகிப்போச்சு."

திரவியம் இலையைப் பார்த்தார். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. மூன்றும் நெல்லு போட்ட வேஷம். ஊரில் நாலு காசு பார்த்த எவன் வீட்டிலும் அதுதான். முதல் வாரத்துப் பெட்டி நாலில் மூன்று நஞ்சை என்று சொன்னபோது, தண்டபாணி தராசு மேல் கைவைத்துச் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு லாரியும் வந்திருக்கவில்லை. திரவியமும் அவரைப் போன்றவர்களும் காலையில் போய்விட்டு வந்ததுதான் அந்தக் கணக்கு. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தும், மதினி என்ன சாப்பிடுகிறாள் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மிளகாய் வத்தலைத் தொட்டே எந்தக் காட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்.

அவர் போனை எடுத்துப் பேரவைச் செயலாளரைக் கூப்பிட்டார். எதிர்முனை நிதானமாகக் கேட்டுக்கொண்டது. "தொண்ணூறாயிரத்துக்கு இன்னும் பாதிகூடத் தேறலை அண்ணாச்சி. பிரதிநிதியையே விட்டுட்டோம்னா ஊர் கலவரமாயிரும். நீங்களே முன்னால போனீங்கன்னா சத்தமில்லாம முடிஞ்சிரும். உங்க தியாகத்தைப் பேரவை மறக்காது." போன் வைக்கப்பட்டது.

"சார்ந்தவர்" என்றார் திரவியம் சட்டென்று. அதிகாரியைப் பார்த்தார். "புஞ்சை ஆளு ஒருத்தரை வெச்சுக்கிடலாம்ல? மதினி புஞ்சைதானே? என்னை எழுதச் சொல்லுங்க."

"அந்த அம்மா வேறொருவரை எழுதிவிட்டார்" என்றார் அதிகாரி. "காலையில் பள்ளிக்கூடத்தில் முடிவை ஒட்டியதுமே. பாக்கியம் என்று ஒருவர்."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"பாக்கியமா? அவ கரிசக்காட்டுக்காரி. நாலு தலைமுறைப் புஞ்சை."

"முடிவு நஞ்சை என்கிறது."

"மெஸ்ஸுல மிஞ்சின சோறு" என்றாள் செண்பகவல்லி. "அவ புருஷனைச் சாக்கடை கொண்டுபோச்சு. ரெண்டு புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அவ தனியா ஆத்துக்கு அந்தப் பக்கத்து முகாமுக்குப் போவாளா? புள்ளைக தாய் பேருலயே அடங்கிரும், அதுபோக ஒரு பேருதான் எழுதலாம்னாங்க, கொழுந்தனாரே. ரெண்டு எழுதலாம்னா உங்களையும் எழுதியிருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. விலை கட்டாத சரக்கை ஓரமாக வைக்கிறவளின் குரல் அது.

திரவியம் கை கழுவினார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். அறியாமலே அதை வலது கையின் மேல் போட்டு அதிகாரியின் பக்கம் நீட்டினார். உள்ளே விரல்கள் தயாராக இருந்தன.

அதிகாரி பார்த்தார். "கையில் என்ன அடியா? முகாமில் டாக்டர் இருப்பார்."

கை நீட்டியபடியே நின்றது. யாரும் துண்டுக்குள் கை விடவில்லை. செண்பகவல்லி உள்ளே போய்த் திரும்பி வந்து, துண்டுக்கு அடியில் கையை விட்டாள். விரலைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் உருண்டையாக, வாழையிலையில் சுருட்டிய எதையோ வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"கம்பு. பின்னால மூட்டையில மாவு கட்டியிருக்கேன். வருஷக்கணக்கா விடாமத் தின்னா மாறும்னு தம்பி சொன்னாருல்ல. தின்னுங்க. மாறினதும் வாங்க."

நஞ்சைக்குப் போகிற பஸ்கள் நெல் மண்டியின் முன்னால் நின்றன. வாசலில் தண்டபாணி ஏறுகிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். திரவியத்தைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தினார். எதுவோ சொல்ல வாயெடுத்து, பின்னால் நின்றவர்கள் நெருக்கியதால் விட்டுவிட்டு, அடுத்த எண்ணைச் சொன்னார். அது திரவியத்தின் எண்.

பஸ் ஊரைத் தாண்டும்போது கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"யாருக்கு எது முட்டினாலும் பாலம் தாண்டுற வரைக்கும் அடக்கிக்கிடுங்க. இந்தப் பக்கம் இறங்கிப் போனா அவங்க கணக்குல ஏறிரும். அந்தப் பக்கம் போனதும் முதல் வேலை அதான், வரிசையாக் கூட்டிட்டுப் போவோம். அப்புறம்தான் சாப்பாடு."

"என்ன சாப்பாடு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"நெல்லுச்சோறுதான். வேற என்ன?"

திரவியம் மடியில் இருந்த இலையைப் பிரித்தார். கம்பு உருண்டையில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றார். விழுங்க வெகுநேரம் ஆயிற்று. மீதியை இலையோடு சேர்த்துத் துண்டில் இறுக்கி முடிந்து வைத்துக்கொண்டு, பாலம் வருகிறதா என்று பார்க்காமல் இருக்க முயன்றார்.